கல்யாண ப்ரீசெட்டில் ஒரு கருத்துக்கேட்பு

வலது காதில் மேல் ஸ்தாயிச் சத்தங்கள் மங்கத் தொடங்கியதும் நானாகவே இந்தத் தொழிலிலிருந்து விலகிக்கொண்டேன். சரியாகக் கேட்காதவன் பிறருடைய குரலைச் சரிசெய்வது முறையல்ல. ஓசூரில் நான் வேலை பார்த்த சவுண்ட் நிறுவனத்தில் இப்போது புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் சிலர், ப்ராசசரின் இன்புட் அமைப்புகளை எப்படி வைப்பது என்று எழுதித் தரும்படி கேட்டிருந்தீர்கள். அதைக் கருவியோடு வரும் கையேட்டில் என்னைவிடத் தெளிவாக எழுதியிருக்கிறார்கள். கையேட்டில் இல்லாத ஒன்றை எழுதுகிறேன். பேரிகைக்குப் பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில், ஒரு நாள் முற்பகலில் நடந்தது.

அந்தப் பகுதியில் ஒரு வார்ப்புத் தொழிற்சாலை தன் ஆலையை விரிவாக்க அனுமதி கேட்டிருந்தது. ஊர் ஆட்கள் அதை ‘பவுண்டரி’ என்பார்கள். அனுமதிக்கு முன் பொதுமக்கள் கருத்தைக் கேட்டாக வேண்டும். அதற்கான கூட்டம் அது. மேடையில் அதிகாரிகள், கீழே ஊர் மக்கள். யார் வேண்டுமானாலும் பேசலாம், ஆனால் ஒருவர் ஒருமுறைதான் என்று தலைமை வகித்த அதிகாரி தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார். பேசுவது முழுவதும் வீடியோவில் பதிவாகும். ஓர் எழுத்தர் குறிப்பெடுப்பார். முடிவில் அந்தக் குறிப்பை எல்லோர் முன்னிலையிலும் படித்துக் காட்டுவார்கள். அன்று பதிவாவது மட்டும்தான் மேலே போகும். மண்டபத்தில் இருந்த எல்லோருக்கும் இது தெரியும்.

மண்டபத்தில் ஏற்கெனவே ஸ்பீக்கர்களும், மைக் சத்தத்தைச் சீராக்கி அவற்றுக்கு அனுப்பும் ஒரு ப்ராசசரும் நிரந்தரமாகப் பொருத்தியிருந்தார்கள். மைக்குகளைக் கொண்டுபோய் இணைத்து, அன்றைய கூட்டத்தை நடத்திக் கொடுப்பது என் வேலை. ப்ராசசருக்கு இரண்டு இன்புட். மேடை மைக்குகள் ஏ-யில். மக்களிடம் கைமாறும் கம்பியில்லா மைக் பி-யில். வீடியோ எடுத்த சீனுவுக்குப் போகும் லைனும் அதே ப்ராசசரின் ஓர் அவுட்புட்டிலிருந்துதான். எனவே மண்டபத்தில் கேட்காதது பதிவிலும் கேட்காது. அது நல்ல ஏற்பாடு இல்லை. ஆனால் மண்டபத்து ஒயரிங் அப்படித்தான் இருந்தது.

ப்ராசசரில் எல்லா அமைப்புகளையும் ஒரே அழுத்தில் மாற்றும் இரண்டு ப்ரீசெட் சேமித்து வைத்திருந்தார்கள். ஒன்று கல்யாணத்துக்கு, மற்றது கூட்டத்துக்கு. கல்யாண ப்ரீசெட்டில் இன்புட் பி-யில் கேட் போட்டிருந்தது. கேட் என்பது பெயருக்கு ஏற்றபடி ஒரு கதவு. குறிப்பிட்ட அளவுக்கு மேல் சத்தம் வந்தால் திறக்கும். அதற்குக் கீழே வந்தால் மூடிக்கொள்ளும். நாதஸ்வரக்காரர் வாத்தியத்தை இறக்கி வைத்துவிட்டு வெற்றிலை போடும்போது பக்கத்து ஆளோடு பேசுவது ஸ்பீக்கரில் வரக்கூடாது அல்லவா, அதற்காக. நாதஸ்வரமும் தவிலும் அந்தக் கதவை உதைத்துத் திறந்துவிடும் என்பதால் யாருக்கும் குறையில்லை. காலையில் வந்ததும் கூட்டத்து ப்ரீசெட்டைப் போட்டு, ஒவ்வொரு மைக்கிலும் பேசிப் பார்த்து, சரியாக இருப்பதை உறுதி செய்துகொண்டேன்.

கூட்டம் தொடங்கிச் சற்று நேரத்தில் மின்சாரம் போனது. மண்டபத்து ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியதும் இன்புட் பி-யில் ‘ம்ம்ம்’ என்று ஓர் இரைச்சல் நுழைந்தது. ஜெனரேட்டரின் எர்த் சரியில்லாத மண்டபங்களில் இது வழக்கம். நான் அப்போது மேடையில், தலைமை அதிகாரியின் மைக்குக்கு வேறு கேபிள் மாற்றிக்கொண்டிருந்தேன். தொழிற்சாலையின் மக்கள் தொடர்பு அதிகாரி முதல் வரிசையிலிருந்து கையைக் காட்டினார்.

“என்ன சார் இது, மாவு மில்லு மாதிரி சத்தம்?”

“பாக்குறேன் சார்,” என்று நான் இறங்குவதற்குள் சத்தம் நின்றுவிட்டது. ப்ராசசர் பக்கத்தில் மண்டபத்து எலெக்ட்ரீஷியன் பாஷா நின்று சிரித்துக்கொண்டிருந்தார்.

“முடிஞ்சதுண்ணா. நீங்க டென்சன் ஆவாதீங்க.”

“என்ன பாய் பண்ணீங்க?”

“எந்தக் கல்யாணத்துலயாவது இந்த மாதிரி சத்தம் கேட்டிருக்கீங்களா? நம்ம மண்டபம்ணா. எல்லாம் எங்கிட்ட செட்டிங் இருக்குது.”

ஜெனரேட்டரில் ஏதோ செய்துவிட்டு வந்தார் என்று எடுத்துக்கொண்டேன். மேடையிலிருந்து அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். அடுத்தடுத்து மூன்று பேர் பேசினார்கள். மூவரும் மைக்கை வாயோடு ஒட்டிப் பிடித்து, தெருமுனைக் கூட்டத்தில் பேசுவதுபோல் பேசினார்கள். ஒருவர் ஆலை வந்தால் பிள்ளைகளுக்கு வேலை வரும் என்றார். ஒருவர் ரோடு கேட்டார். மூன்றாமவர் கன்னடத்தில் தொடங்கி, தெலுங்கில் திட்டி, தமிழில் நன்றி சொன்னார். எல்லாமே தெளிவாகக் கேட்டது. ஒருவர் நிறுத்தி அடுத்தவர் தொடங்குவதற்கு இடையில் மண்டபத்தில் ஒரு சின்ன இரைச்சல்கூட இல்லை. கவனித்திருக்க வேண்டியது அந்த இடைவெளியைத்தான். ஓடுகிற ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் இருக்கும் லைன் அவ்வளவு சுத்தமாக இருக்காது.

பிறகு நாராயணம்மா எழுந்தார். ஐம்பதைக் கடந்தவர். தக்காளியும் கொத்தமல்லியும் போடுகிறவர். அவருடைய நிலத்தின் வேலி முடிகிற இடத்தில் ஆலையின் மதில் தொடங்குகிறது. அவர் கேட்க வந்தது ஒன்றே ஒன்று: தண்ணீர் பரிசோதனைக்கு எடுத்த கிணறுகளில் அவருடைய போரையும் சேர்க்க வேண்டும். ஆலை கொடுத்த அறிக்கையில் மதிலுக்கு அந்தப் பக்கத்துக் கிணறுகள்தான் இருந்தன. இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது. அப்போது யாருக்கும் தெரியவில்லை, ஏனென்றால் அவர் பேசியது கேட்கவில்லை.

அவர் மைக்கை நெஞ்சுக்கு நேராக, சாமி முன்னால் விளக்கைப் பிடிப்பதுபோல் இரண்டு கையாலும் பிடித்திருந்தார். குரல் மெல்லியது. போதாததற்கு அழுகையும் வந்துவிட்டது. ஸ்பீக்கரில் “தண்ணி” என்று வந்தது. பிறகு ஒன்றுமில்லை. உதடு அசைந்தது. “தக்காளி” என்று வந்தது. மறுபடி ஒன்றுமில்லை. “நாலு வருசமா” என்று வந்து பாதியில் அறுந்தது.

பின் வரிசையில் சத்தம் கிளம்பியது.

“கேக்கல! கேக்கல!”

“வினபடலேது!”

“கேளிஸ்தில்ல!”

மூன்று மொழியிலும் சொன்னது ஒன்றுதான். அதற்குள் ஓர் இளைஞர் நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு என் மேசைக்கு வந்துவிட்டார்.

“யோவ், மைக்க ஏன்யா கட் பண்ற? வேலை தர்றாங்கன்னு பேசுனா நல்லா கேக்குது, தண்ணின்னு சொன்னா மட்டும் கட் ஆவுதா? கம்பெனிக்காரன் சொல்லிக் குடுத்தானா?”

“நான் கட் பண்ணலைங்க.”

“அப்ப யாரு, உன் பொட்டி தானா கட் பண்ணுதா?”

உண்மையில் அதுதான் நடந்துகொண்டிருந்தது.

இங்கேதான் நீங்கள் நிதானிக்க வேண்டும். கேட்கவில்லை என்று நூறு பேர் கத்தும்போது கை தானாக கெயின் குமிழுக்குப் போகும். ஏற்றினால் கேட்கும் என்று உடம்பு நம்புகிறது. அன்று ஏற்றியிருந்தால், உள்ளே காத்திருந்த ஜெனரேட்டர் இரைச்சலும் சேர்ந்து ஏறி, கேட்டைத் திறந்து மூடித் திறந்து மூடி, பேச்சை இன்னும் நறுக்கியிருக்கும். அந்த அம்மாள் பதறி மைக்கை வாய்ப் பக்கம் கொண்டுபோயிருந்தால் ஸ்பீக்கர் அலறி, கூட்டமே கலைந்திருக்கும். நான் கையைக் கட்டிக்கொண்டு விளக்குகளைப் பார்த்தேன். இன்புட் பி-யில் பச்சை விளக்கு மினுங்கியது. குரல் உள்ளே வருகிறது. அவுட்புட்டில் இருட்டு. அப்படியானால் தடை நடுவில் இருக்கிறது. திரையைப் பார்த்தேன். கல்யாண ப்ரீசெட் போடப்பட்டிருந்தது.

பாஷாவை நிமிர்ந்து பார்த்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது. முகம் வெளுத்துப் போயிற்று.

“அண்ணா, சத்தியமா ஹம்மு நிக்கட்டும்னுதான்...”

“தெரியும் பாய். யாரும் எதையும் தொடாம பாத்துக்குங்க.”

அதற்குள் நாராயணம்மா பேசி முடித்திருந்தார். மைக்கைக் கீழே தொங்கவிட்டபடி, தான் சொன்னது போய்ச் சேர்ந்ததா என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். மேடையிலிருந்து அடுத்த பெயர் வந்தது. மக்கள் தொடர்பு அதிகாரி எழுந்து வந்து என் தோளருகே குனிந்தார்.

“அந்தம்மா பேசியாச்சு சார். அடுத்த ஆளு போகட்டும். ஹம் வராம பாத்துக்குங்க, அது போதும்.”

அவர் கெட்டவர் இல்லை. அவருக்குக் கூட்டம் சலசலப்பில்லாமல் முடிய வேண்டும். அந்த மண்டபத்தை எடுத்ததும், எங்களை அழைத்ததும் அவருடைய நிறுவனம்தான். நான் நினைத்திருந்தால் சத்தமில்லாமல் கேட்டை எடுத்துவிட்டு அடுத்தவரிலிருந்து சரியாக நடத்தியிருக்கலாம். எந்திரம் சரியாகியிருக்கும், யாரும் எதையும் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள். ஆனால் ஒருவர் ஒருமுறைதான் பேசலாம். அந்த ஒருமுறை கதவுக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது. அதைத் திருப்பிக் கொடுக்கிற குமிழ் ப்ராசசரில் கிடையாது. வாயால்தான் கேட்க வேண்டும்.

நான் மேடைக்கு முன்னால் போய் நின்றேன்.

“மேடம், இவங்க பேசுனது பதிவாகல. மெஷின் செட்டிங்ல தப்பு இருந்துச்சு. பேசுனவங்க மேல தப்பு இல்ல.”

தலைமை அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். “எனக்குக் கேட்டுச்சே. தண்ணி பத்திச் சொன்னாங்க.”

“தண்ணிய பத்தி என்ன மேடம் சொன்னாங்க?”

கேட்ட பிறகுதான், ஓர் அதிகாரியிடம் கேட்கிற கேள்வி அது இல்லை என்று உறைத்தது. அவர் தன் முன்னாலிருந்த தாளைப் பார்த்தார். பிறகு கோபப்படாமல் சீனுவைப் பார்த்தார்.

“வீடியோல என்ன இருக்கு?”

சீனு ஹெட்போனை மாட்டி, ஓட்டிப் பார்த்தார். “தண்ணி. அப்பறம் தக்காளி. அப்பறம் நாலு வருசமா. அவ்ளோதாங்க மேடம்.”

பின்னாலிருந்து ஒரு குரல்: “மூணு வார்த்தைக்கா அந்தக்கா இவ்ளோ நேரம் நின்னுச்சு?” சிலர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் கூட்டத்தின் சூடு கொஞ்சம் இறங்கியது.

“மறுபடி பேசட்டும்,” என்றார் அதிகாரி. “மொதல்லேர்ந்து.”

நாராயணம்மாவுக்கு அது பிடிக்கவில்லை.

“மறுபடியுமா? அழுது முடிச்சிட்டேனேம்மா.”

“அழாம சொல்லுங்கம்மா, போதும்.”

நான் மேசைக்குத் திரும்பினேன். ப்ரீசெட்டை மாற்றவில்லை. மாற்றினால் ஒரு கணம் எல்லாமே ஊமையாகும். அப்போது அந்த மண்டபத்தில் ஸ்பீக்கர் ஒரு கணம் ஊமையானால் அதற்கு ஒரே அர்த்தம்தான் எடுத்திருப்பார்கள். பி-யில் இருந்த கேட்டை மட்டும் எடுத்தேன். உடனே ‘ம்ம்ம்’ என்று இரைச்சல் மண்டபம் முழுக்கப் பரவியது. அதே இன்புட்டில் கீழ் ஸ்தாயிச் சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்தேன். பாதி போனது. முழுவதும் எடுக்கப் பார்த்தால் குரலும் மெலியும் என்பதால் அங்கேயே நிறுத்திக்கொண்டேன். பிறகு போய் மைக்கை அவர் மோவாய்க்குப் பக்கத்தில் உயர்த்தி வைத்து, “இப்பிடியே புடிங்கம்மா, இறக்காதீங்க” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

“சார், திரும்ப அந்தச் சத்தம் வருது,” என்றார் மக்கள் தொடர்பு அதிகாரி.

அவருக்குப் பதில் ஸ்பீக்கரிலிருந்தே வந்தது.

“வரட்டும் சார். எங்க வூட்ல ராவும் பகலும் உங்க பவுண்டரி சத்தம் இதவிட ஜாஸ்தி. அதுலதான் நாங்க பேசிக்கிறோம். எனக்குக் கேக்குது, உங்களுக்குக் கேக்காதா?”

கூட்டம் விசிலடித்தது. அதிகாரி மேசையைத் தட்டினார். ஆனால் அவரும் சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் தட்டினார்.

நாராயணம்மா பேசினார். முதல்முறை எப்படிப் பேசினார் என்று எனக்குத் தெரியாது. இரண்டாம் முறை கொத்தமல்லிக் கட்டுக்கு விலை சொல்வதுபோல், நறுக்கென்று பேசினார்.

“என் போர் தண்ணி நாலு வருசமா கெட்டுப் போச்சு. சொம்புல புடிச்சு வெச்சா மேல எண்ணெ மாதிரி ஏடு கட்டுது. மழை பேஞ்சாலும் அப்பிடிதான், வெயிலடிச்சாலும் அப்பிடிதான், தெனமும் அப்பிடிதான். மாடு மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்குது. மாட்டுக்குத் தெரியிறது லேபுல இருக்கறவங்களுக்குத் தெரியாதா? தெரியும். ஆனா என் போருக்கு யாரும் வர்ல. மதிலுக்கு அந்தப் பக்கமே எடுத்துக்கினு போயிட்டாங்க. என் போர் தண்ணிய எடுங்க. எடுத்து என்னா இருக்குதுன்னு எழுதிக் குடுங்க. ஒண்ணும் இல்லைன்னா, இல்லைன்னு எழுதிக் குடுங்க. அதையும் வாங்கிக்கிறேன். அவ்ளோதான்.”

சீனு கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள். என்னோடு சண்டைக்கு வந்த இளைஞர் தன் முறை வந்தபோது இரைச்சலைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. திரும்பிப் போகும்போது என் மேசையில் ஒரு டம்ளர் டீயை வைத்துவிட்டுப் போனார். மின்சாரம் வந்து இரைச்சல் அடங்கியது. மற்றவர்கள் பேசி முடித்தார்கள். அந்தத் தொழிற்சாலையின் ஆண்டு விழாவுக்கு அதன்பிறகு எங்களை அழைக்கவில்லை. அதற்கு வேறு காரணமும் இருந்திருக்கலாம்.

எனக்கு அன்றைய வேலை அதோடு முடியவில்லை. எழுத்தர் எழுந்து குறிப்பைப் படிக்கத் தொடங்கினார். ஒவ்வொருவர் பெயரையும் சொல்லி, சொன்னதைச் சுருக்கமாகப் படித்தார். நாராயணம்மாவின் முறை வந்தது.

“நாராயணம்மா என்பவர், தமது ஆழ்துளைக் கிணற்று நீர் அவ்வப்போது சிறிது நிறம் மாறுவதாகத் தெரிவித்தார்.”

“யாரு தெரிவிச்சா?” என்று கீழேயிருந்து குரல் வந்தது. இந்தமுறை மைக் தேவைப்படவில்லை.

எழுத்தர் நிமிர்ந்தார். “நீங்கதாம்மா.”

“அவ்வப்போதுன்னு நான் சொல்லவே இல்லியே. சிறிதுன்னும் சொல்லல.”

“நீங்க பேசுனத வெச்சுதாம்மா எழுதுனேன்.”

அவர் பொய் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன். முதல்முறை காதில் விழுந்த மூன்று வார்த்தைகளுக்கு நடுவிலிருந்த ஓட்டைகளைத் தனக்குத் தெரிந்த வாக்கியத்தால் அடைத்திருக்கிறார். இரண்டாம் முறை பேசியபோது ஏற்கெனவே எழுதியாகிவிட்டது என்று பேனாவை எடுக்கவில்லை. பேச்சு அறுந்து வரும் இடங்கள் காலியாக இருப்பதில்லை. கேட்பவர் அங்கே தன்னுடையதைப் போட்டு நிரப்பிவிடுகிறார். நாம் ஓர் இன்புட்டை அடைத்தால் நடப்பது அதுதான்.

“நேரமாகுது மேடம்,” என்றார் மக்கள் தொடர்பு அதிகாரி. “கருத்து ஒண்ணுதானே. தண்ணி பிரச்சினை.”

அதிகாரி யோசித்தார். “பதிவப் போட்டுக் காட்ட முடியுமா?”

சீனு என்னைப் பார்த்தார். அவருடைய கருவியிலிருந்து ஒரு லைனை இன்புட் பி-யில் செருகினால் போதும். ஆனால் அந்த லைன் மைக் லைனைவிடப் பலமானது. இருக்கிற கெயினிலேயே செருகினால் முதல் வார்த்தையே வெடித்து வரும். அந்தப் பெண்மணியின் குரலைக் கேட்டு எல்லோரும் காதைப் பொத்திக்கொள்வார்கள். எல்லோரும் காத்திருந்தார்கள். நான் முதலில் பி-யை முழுவதும் இறக்கினேன். பிறகு செருகினேன். சீனு ஓடவிட்டதும் மெதுவாக ஏற்றினேன். அதற்கு ஆன நேரத்தில் யாரோ செருமினார்கள், யாரோ வாட்சைப் பார்த்தார்கள். அந்த நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். யாரும் செத்துவிட மாட்டார்கள்.

ஜெனரேட்டர் இரைச்சலும் அதற்கு மேல் நாராயணம்மாவின் குரலும் மண்டபத்தில் மறுபடி எழுந்தன. “மழை பேஞ்சாலும் அப்பிடிதான், வெயிலடிச்சாலும் அப்பிடிதான், தெனமும் அப்பிடிதான்.” அவர் தலையைச் சாய்த்து, வேறு யாரோ பேசுவதைக் கேட்பதுபோல் கேட்டுக்கொண்டிருந்தார். “அவ்ளோதான்” என்று பதிவு முடிந்தது.

அதிகாரி எழுத்தரைப் பார்த்தார். “அவ்வப்போது, சிறிது, ரெண்டையும் அடிச்சிடுங்க. அவங்க சொன்னபடி எழுதுங்க. அந்தப் போர் தண்ணிய எடுக்கணும்கிற கோரிக்கையத் தனியா எழுதுங்க.”

எழுத்தர் நின்றபடியே எழுதினார். திரும்பப் படித்தார். நாலு வருடம், தினமும், எண்ணெய்ப் படலம், மாடு, கோரிக்கை எல்லாம் இருந்தன.

“சரியாம்மா?” என்றார் அதிகாரி.

நாராயணம்மா மைக் வேண்டுமென்று கையை நீட்டினார். ஒருவர் ஒருமுறைதான் என்ற விதியை யாரும் நினைவூட்டவில்லை. நான் பதிவு லைனை உருவிவிட்டு மைக் லைனைச் செருகினேன், கெயினைப் பழைய இடத்துக்கு ஏற்றினேன். சீனு மறுபடி பதிவைத் தொடங்கினார். அவர் மைக்கை மோவாய்க்குப் பக்கத்தில், நான் வைத்துக் காட்டிய இடத்தில், தானாகவே பிடித்தார்.

“சரி,” என்றார்.

அதுவும் பதிவாகியிருக்கிறது.